1966 இறுதி ஆட்டத்தின் பாதி டிக்கெட் என்ன விலை பெறும்?

உங்கள் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் விலை பற்றியது. உங்கள் தந்தை அறுபதுகளில் இங்கிலாந்தில் பொறியியல் படித்தவர். 1966 ஜூலை 30 அன்று வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நேரில் பார்த்தவர். அவர் மறைந்தபின் டிரங்குப் பெட்டியைத் திறந்ததில் மூன்று பொருள்கள் கிடைத்திருக்கின்றன: வாசலில் கிழித்துக் கொடுத்த பாதி டிக்கெட், அரங்கில் விற்ற புரோகிராம் புத்தகம் (அன்றைய ஆட்டத்தின் அணி விவரங்கள் அச்சிட்ட சிறு புத்தகம்), பதினொரு கையெழுத்துகளுடன் இங்கிலாந்து அணியின் படம். மற்றபடி பழைய கடிதக் கட்டுகளும் துணிமணிகளும்தான் என்கிறீர்கள். ஓர் இணையதளத்தில் இதே டிக்கெட்டுக்கு நான்கு லட்சம் ரூபாய் போட்டிருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவரோ பழைய பேப்பர் விலைகூடப் பெறாது என்று சொல்லியிருக்கிறார். எது சரி, லேமினேட் செய்து வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், விற்பதா வேண்டாமா என்று அண்ணனும் நீங்களும் இன்னும் பேசி முடிக்கவில்லை என்றும் இருக்கிறது. ஆகவே இவை அசல்தானா, அதை எதை வைத்துச் சொல்வது என்பதுதான் உங்களுக்கு முதலில் வேண்டிய பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் பிறந்தது சிவகாசி. அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். கடந்த 19 ஆண்டுகளாக இங்கிலாந்தில் ஓர் ஏல நிறுவனத்தில், விளையாட்டுத் தொடர்பான டிக்கெட், புரோகிராம், கடிதம், படம் போன்ற தாள் பொருள்களைச் சோதித்து விவரக் குறிப்பு எழுதுகிறேன். சட்டைகளும் பதக்கங்களும் என் மேசைக்கு வருவதில்லை. அவற்றைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பக்கத்து மேசைக்காரர்களிடம் கேட்டுக் கற்றது. உங்கள் பொருள்களை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

விலையை முதலில் முடித்துவிடுகிறேன். நான்கு லட்சம் என்பது ஒருவர் கேட்கும் விலை. கேட்பதற்குக் காசு கிடையாது. யாரும் எதையும் கேட்கலாம். ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்த பொருள்களை மட்டும் காட்டச் சொல்லும் வசதி உண்டு, ஏல நிறுவனங்களும் பழைய முடிவுகளை வெளியிட்டு வைத்திருக்கின்றன. அவற்றைத்தான் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில், 1966 இறுதி ஆட்டத்தின் அசல் டிக்கெட் பாதி, நல்ல நிலையில் இருந்தால், சில நூறு பவுண்டு என்ற வட்டத்துக்குள் நிற்கும். நம் பணத்தில் சில பத்தாயிரம் ரூபாய். புரோகிராம் அசலாக இருந்தாலும் அதைவிடக் குறைவு. கையெழுத்துப் படம் மூன்றிலும் அதிக விலை பெறலாம், ஒன்றுமே பெறாமலும் போகலாம். ஆக இணையதளம் சொன்னதும் தப்பு, உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னதும் தப்பு.

இவ்வளவு புகழ்பெற்ற ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவுதானா என்று தோன்றும். அன்று அரங்கில் இருந்தவர்கள் 96,924 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. இங்கிலாந்து கூடுதல் நேரத்தில் 4-2 என்று வென்றது. சொந்த மண்ணில், முதல் முறையாக. அப்படி ஒரு நாளின் டிக்கெட்டை யார் எறிவார்கள்? கண்ணாடிச் சட்டத்திலும் பைபிளுக்குள்ளும் பிஸ்கட் டப்பாவிலும் பத்திரப்படுத்தினார்கள். இந்தத் தொழிலில் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஆட்டம் எவ்வளவு பெரியது என்று பார்க்காதே, அன்று எத்தனை பேர் அந்தத் தாளைக் கசக்கி எறிந்தார்கள் என்று பார்.

இதற்கு மான்செஸ்டர் யுனைடெட்டின் இரண்டு புரோகிராம்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் நடந்த விமான விபத்தில் 23 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் அந்த அணியின் ஆட்டக்காரர்கள். இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 8 அன்று, உல்வ்ஸ் அணியோடு ஆட வேண்டியிருந்தது. புரோகிராம் அச்சாகி முடிந்திருந்தது. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டதால் பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள். தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அவற்றில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் பல ஆயிரம் பவுண்டுக்குப் போகும். பிப்ரவரி 19 அன்று, விபத்துக்குப் பின் நடந்த முதல் ஆட்டத்தில், ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணிக்கு எதிராக யுனைடெட் களமிறங்கியது. யார் ஆடுவார்கள் என்று அச்சுக்குப் போகும்வரை தெரியாததால், அந்தப் புரோகிராமின் நடுப்பக்கத்தில் யுனைடெட் அணியின் பெயர்கள் இருக்க வேண்டிய பதினொரு இடங்களும் வெற்றாக விடப்பட்டன. எத்தனையோ முறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கை ஒரு கணம் நின்றுவிடும். சிலவற்றில் அந்த வெற்றிடத்தில் யாரோ ஒரு ரசிகர், ஒலிபெருக்கியில் அறிவித்த பெயர்களைப் பென்சிலால் எழுதி நிரப்பியிருப்பார். ஆனால் அன்று வந்திருந்த கிட்டத்தட்ட அறுபதாயிரம் பேரில் பெரும்பாலோர் அதைக் கண்ணாகக் காத்தார்கள். இன்றைக்குச் சில பத்து பவுண்டுக்கே வாங்கிவிடலாம்.

இனி உங்கள் டிக்கெட். அணிகளின் பெயர் அதில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அசலா என்று சந்தேகப்படுங்கள். அரையிறுதி ஆட்டங்கள் ஜூலை 25, 26 தேதிகளில்தான் நடந்தன. இறுதி ஆட்டத்துக்கான டிக்கெட்டோ அதற்கு வெகு முன்பே விற்பனைக்கு வந்தது. யார் வருவார்கள் என்று தெரியாமல் அச்சிட்ட தாள் அது. விலை ஷில்லிங் என்ற பழைய பிரிட்டிஷ் நாணயக் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு பவுண்டுக்கு நூறு பென்ஸ் என்ற புதிய முறை 1971 பிப்ரவரியில்தான் வந்தது. இதில் தவறு செய்யும் போலிக்காரர்களும் இருக்கிறார்கள் என்றால் நம்பமாட்டீர்கள்.

அடுத்து எண்கள். டிக்கெட்டின் பொதுவான வாசகத்தை ஒரே அச்சில் ஆயிரக்கணக்காக அடித்துவிடலாம். ஆனால் இருக்கை எண், வரிசை எண் போன்றவை டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும். அந்தக் காலத்தில் அதற்கென்றே நம்பரிங் மெஷின் உண்டு. சிவகாசியில் ரசீதுப் புத்தகமும் நாடக டிக்கெட்டும் அடித்த அச்சகங்களில் அதன் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான்: ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு ‘டக்’, எண் ஒன்று கூடும். உலோக எழுத்து தாளை அழுத்துவதால் எண் விழுந்த இடம் லேசாகக் குழியும். பின்பக்கத்தைத் திருப்பி, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அந்தப் புடைப்பு தெரியும். கண் ஏமாந்தாலும் விரல் நுனி ஏமாறாது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால், உலோக எழுத்தில் அடித்த எண்ணின் ஓரத்தில் மை பிதுங்கி ஒரு கரை கட்டியிருக்கும். இன்றைய இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்திருந்தால் ஓரம் மணல் தூவியதுபோல் புள்ளிபுள்ளியாகச் சிதறியிருக்கும். லேசர் பிரிண்டர் என்றால் கருப்பு தாளுக்குள் இறங்காமல் மேலே மினுமினுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டில் ஒன்று தெரிந்தால் வேறு சோதனையே வேண்டாம், அது போலி. ஆனால் எண் குழியாமல் இருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்டாதீர்கள். ஐம்பது, அறுபது வருடம் கனமான பொருள்களுக்கு அடியில் கிடந்த தாளில் குழி தட்டையாகிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கள்ள நோட்டைப் பிடிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புறஊதா விளக்கைப் பற்றியும் இணையத்தில் படித்திருப்பீர்கள். அதன் கீழ் தாள் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் போலி என்பார்கள். இது பாதி உண்மை. தாளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்புதான் பரவலாக வந்தன. ஆகவே 1923-ஆம் ஆண்டு டிக்கெட் என்று ஒருவர் நீட்டுவது விளக்கின் கீழ் ஒளிர்ந்தால் கதை முடிந்தது. 1966-க்குள் அந்தப் பொருள் தாள் ஆலைகளில் சாதாரணமாகிவிட்டது. உங்கள் டிக்கெட் ஒளிர்ந்தாலும் ஒளிராவிட்டாலும் அதிலிருந்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது.

புரோகிராம் விஷயத்தில் நான் ஒரு முறை சூடுபட்டவன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது ஆண்டு. 1966 இறுதி ஆட்டப் புரோகிராம் ஒன்று வந்தது. அட்டையில் தேதி, அணிகள், இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்ற விலை எல்லாம் சரியாக இருந்தன. அசல் என்று எழுதிவிட்டேன். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் எழுபது வயதுச் சேகரிப்பாளர் ஒருவர் அதைக் கையில் எடுத்தார், திறந்துகூடப் பார்க்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் அட்டையை வைத்து ஒரு தரம் தேய்த்துவிட்டு, “தம்பி, இது மறுபதிப்பு” என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி, என்னிடம் தராசு கேட்டார். எங்களிடமிருந்த சந்தேகமற்ற பிரதியையும் இதையும் அடுத்தடுத்து நிறுத்தினோம். எடை ஒத்துப்போகவில்லை. அன்று மாலையே அந்தக் குறிப்பைத் திருத்தினேன், கூடவே என் தலைக்கனத்தையும்.

அந்தப் புரோகிராமுக்கு நினைவுப் பதிப்பாகப் பல மறுபதிப்புகள் வந்துவிட்டன. ஏமாற்றும் நோக்கத்தில் அச்சிட்டவை அல்ல; காலப்போக்கில் அசலோடு கலந்துவிட்டவை. மறுபதிப்பிலும் அதே தேதியும் அதே விலையும் இருக்கும் என்பதால் வாசகத்தைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. அசல் என்று உறுதியான ஒன்றோடு பக்கத்தில் வைத்துத் தாளின் கனம், மையின் அடர்த்தி, எடை மூன்றையும் ஒப்பிடுவதே நம்பகமான வழி. கம்பிப் பின் துருப்பிடித்திருந்தால் பழையது என்பார்கள். நம் ஊர்க் கடற்கரைக் காற்றில் போன வருடத்துப் பின்னும் துருப்பிடிக்கும். உங்களுக்குச் சாதகமான ஒன்று, அந்தப் பெட்டியின் வரலாறு. தந்தை அறுபதுகளிலேயே ஊர் திரும்பி, பெட்டி அப்படியே பரணில் இருந்தது என்றால், பிற்கால மறுபதிப்பு அதற்குள் நுழைய வாய்ப்புக் குறைவு.

கையெழுத்துப் படம்தான் என்னை யோசிக்கவைக்கிறது. முதலில் லென்ஸை வைத்துக் கையெழுத்தின் கோட்டைப் பாருங்கள். கோடு படத்தைப் போலவே சிறு புள்ளிகளால் ஆகியிருந்தால் அது படத்தோடு சேர்த்து அச்சிட்டது. பத்திரிகைகள் அப்படி எத்தனையோ படங்களை வெளியிட்டன. புள்ளிகள் இல்லாமல், பேனா ஓடிய பள்ளமும் கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில் மை தடித்திருப்பதும் தெரிந்தால், யாரோ ஒருவர் கையால் எழுதியது என்பது நிச்சயம். அந்த யாரோ யார் என்பதுதான் சிக்கல். பதினொன்றும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே வேகம் என்றால் ஒரே ஆள் எழுதியிருக்கலாம். கிளப் ஊழியர்கள் ரசிகர்களுக்காக எல்லாப் பெயரையும் தாங்களே எழுதி அனுப்பிய காலமும் இருந்தது. அணித்தலைவர் பாபி மூர் 1993 பிப்ரவரியில் இறந்துவிட்டார்; கையெழுத்து விற்பனை பெரும் வியாபாரமாக வளர்ந்ததற்கு முன்பே. ஆகவே அவர் கையெழுத்துக்குத்தான் கிராக்கி, போலியும் அவருக்குத்தான் அதிகம். அதே அணியின் ஜெஃப் ஹர்ஸ்ட் பல பத்தாண்டுகளாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர். 2023 அக்டோபரில் பாபி சார்ல்டன் இறந்தபோது அந்தப் பதினொருவரில் எஞ்சியவர் ஹர்ஸ்ட் மட்டும்தான். படத்தை அச்சிட்ட ஆண்டு தெரிந்தால் நல்லது. 1993-க்குப் பிறகு அச்சான தாளில் மூர் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. இதற்கு மேல், மாதிரிக் கையெழுத்துகளை அருகே வைத்து ஒப்பிடும் வல்லுநரிடம்தான் போக வேண்டும். புகைப்படத்தைப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்பவரையும் நம்பாதீர்கள்.

இந்தத் தொழிலில் ‘வந்த வழி’, அதாவது ஒரு பொருள் யார் கையிலிருந்து யாரிடம் வந்தது என்பதற்கு உள்ள மதிப்பைச் சட்டைகளின் கதை நன்றாகக் காட்டும். 1986 ஜூன் 22, மெக்சிகோவின் அஸ்டெக்கா அரங்கு. இங்கிலாந்துக்கு எதிரான கால் இறுதியில் மரடோனா கையால் ஒரு கோலும் காலால் ஒரு மகா கோலும் போட்ட ஆட்டம். ஆட்டம் முடிந்து அந்தச் சட்டையை மாற்றிக்கொண்டவர் இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ். பல ஆண்டுகள் அது மான்செஸ்டரில் உள்ள தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் இருந்தது. 2022 மே மாதம் சோதபிஸ் ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றது. விற்பனைக்கு முன்பு மரடோனாவின் குடும்பத்திலிருந்து மறுப்பு வந்தது: அது முதல் பாதியில் அணிந்த சட்டை, கோல் போட்டபோது அணிந்தது வேறு என்றார்கள். ஏல நிறுவனம் அன்றைய புகைப்படங்களோடு சட்டையை அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டுப் பதில் சொன்னது. இது சாத்தியமானதற்குக் காரணம் ஓர் அவசரம். கனமான சட்டைகள் வெயிலுக்கு ஆகாது என்று அர்ஜென்டினா அணியினர் மெக்சிகோ நகரக் கடையிலேயே லேசான நீலச் சட்டைகளை வாங்கி, சின்னத்தைக் கையோடு தைத்து, அமெரிக்கக் கால்பந்துக்கான பளபளப்பான வெள்ளி எண்களை ஒட்டிக்கொண்டு களமிறங்கினார்கள். கை வேலை என்பதால் ஒரு சட்டைபோல் இன்னொன்று இல்லை. ஒழுங்காகத் தொழிற்சாலையில் தயாரித்திருந்தால் இன்று அடையாளம் காட்டுவது பெரும்பாடாகியிருக்கும்.

உங்கள் தந்தை பார்த்த ஆட்டத்தின் பந்துக்கும் இப்படி ஒரு வந்த வழி உண்டு. ஆரஞ்சு நிறப் பந்து. மூன்று கோல் போட்ட ஹர்ஸ்டுக்குப் போயிருக்க வேண்டியது. ஜெர்மனியின் ஹெல்முட் ஹால்லர் அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். முப்பது ஆண்டு கழித்து 1996-இல்தான் இங்கிலாந்துக்குத் திரும்பியது.

கிழிக்காத முழு டிக்கெட்டுக்கு அதிக விலையா என்றும் கேட்டிருந்தீர்கள். பொதுவாக ஆம். அமெரிக்காவில் இது எல்லை மீறிப்போய்விட்டது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் முதல் தொழில்முறை ஆட்டத்தின் கிழியாத டிக்கெட் ஒன்று 2022-இல் 4,68,000 டாலருக்குப் போனது. அதன் பிறகுதான் ஊரெல்லாம் பழைய டிக்கெட்டைத் தேட ஆரம்பித்தார்கள். உங்கள் இணையதளக்காரரின் நான்கு லட்சமும் அந்தக் காய்ச்சலின் மிச்சம் என்றே நினைக்கிறேன். அங்கே டிக்கெட்டைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் தரும் நிறுவனங்கள் உண்டு. பிரிட்டிஷ் கால்பந்துச் சேகரிப்பாளர்களிடம் அதற்கு அவ்வளவு மவுசு இல்லை. உங்கள் டிக்கெட்டுக்கு அந்தச் செலவு தண்டம். என்னைக் கேட்டால் கிழிந்த பாதிதான் அழகு. கிழிந்தது என்றால் ஒருவர் உள்ளே போயிருக்கிறார்.

விற்பதானால் ஒன்று. செய்தியில் வரும் ஏலத் தொகைகள் பெரும்பாலும் வாங்குபவர் நிறுவனத்துக்குத் தரும் கட்டணத்தையும் சேர்த்தவை. விற்பவரிடமும் தனியாகக் கமிஷன் பிடிப்பார்கள். சில நூறு பவுண்டுப் பொருளை இந்தியாவிலிருந்து அனுப்பும் செலவையும் கழித்தால் கைக்கு வருவது சுருங்கிவிடும். மூன்றையும் தனித்தனியாக விற்காமல், இந்த நாளில் இந்த மனிதர் போன ஆட்டம் என்று ஒரே தொகுப்பாக வைத்தால் வாங்குபவருக்கு ஆர்வம் கூடும்.

லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைச் சேதப்படுத்தாமல் பிரிக்க முடியாது. சேகரிப்பாளர் கணக்கில் அது பிணம். செல்லோடேப், பசை, ஆல்பத்தின் மெழுகு ஒட்டு எதுவும் வேண்டாம். மலிவான பிவிசி உறையும் வேண்டாம், நாளடைவில் அது பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையில் இட்டு, அமிலமற்ற அட்டையோடு சேர்த்து, வீட்டில் வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். பரண் வேண்டாம், இராமபாணப் பூச்சிக்கு ஐம்பது வருடப் பழைய தாள் விருந்து. அந்துருண்டையைத் தாள்மேல் படும்படி போடக்கூடாது. சுவரில் மாட்ட ஆசை என்றால் வண்ண நகல் எடுத்து அதை மாட்டுங்கள். புரோகிராமின் துருப்பிடித்த பின்னைப் பிடுங்கிவிட்டுப் புதியது அடிக்கும் யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன கடிதக் கட்டு. வெளிநாட்டில் படித்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் வீட்டுக்கு எழுதியது நீல நிற ஏரோகிராம் என்ற விமான அஞ்சல் தாளில். மேலே பிரிட்டிஷ் அஞ்சல் முத்திரையும் தேதியும் இருக்கும். 1966 ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை முத்திரை விழுந்தவற்றைத் தனியாக எடுத்துப் படியுங்கள். ஆட்டத்துக்குப் போனதைப் பற்றி, டிக்கெட் கிடைத்த விதத்தைப் பற்றி, எங்கே உட்கார்ந்தார் என்பதைப் பற்றி அவர் கையால் ஒரு வரி இருந்தாலும் போதும். நான் மேலே சொன்ன லென்ஸும் தராசும் தர முடியாத சான்று அது; அந்தத் தொகுப்பின் மதிப்பும் வேறாகிவிடும். இந்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பழைய பேப்பர்காரர் வருவதற்குள் அண்ணனுக்குப் போன் செய்து கடிதக் கட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.